அத்தானுக்கு ஜுரம் வந்தது

அத்தானுக்கு மூன்று வருஷமாக ஜுரமே வந்ததில்லை. இதை அவர் சொல்லாத நாளும் கிடையாது, சொல்லாத ஆளும் கிடையாது. பெட்ரோல் பங்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் சொல்வார். லைசென்ஸ் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவரிடம் சொல்வார். பல் டாக்டரிடம் போனபோது, வாய்க்குள் பஞ்சும் கருவியும் இருக்கும்போதே சொல்ல முயன்று டாக்டரின் விரலைக் கடித்துவிட்டார் என்று அவர் மனைவியான அக்கா சொன்னாள். அக்கா பொய் சொல்கிறவள் இல்லை.

அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஒரே ஒரு கார், ஒரே ஒரு வாத்தியார். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி வேர்த்துக்கொட்டுவார். பக்கத்து சீட்டில் அத்தான், தனக்கென்று பொருத்தியிருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருபது வருஷமாக ஊரார் பயத்துக்கெல்லாம் இவர் பிரேக் போட்டதில் முழங்கால் தேய்ந்துபோயிற்று. மாடிப்படி ஏறினால் படிக்கு ஒரு முனகல் கேட்கும். அந்தச் சமயத்தில்தான் அரண் வந்து சேர்ந்தது.

அரண் என்பது ஒரு பொடி. பச்சை டின்னில், மேலே கோட்டைப் படம் போட்டு வரும். எதிர்ப்பு சக்தியைப் பத்து மடங்கு ஆக்கும் என்று டின்னில் எழுதியிருக்கும்; எதிலிருந்து பத்து மடங்கு என்று எழுதியிருக்காது. அதைத் தயாரித்து விற்ற பொடிக்காரர் கார் கற்றுக்கொள்ள வந்தவர்தான். மூன்றாவது வகுப்பிலேயே வாத்தியாரின் முழங்காலைக் கவனித்துவிட்டார். காலையில் ஒரு ஸ்பூன், வெந்நீரில். மூன்றாம் நாள் அத்தான் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். ஒரு மாதத்தில் பசி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஆறு மாதத்தில் முகம் உருண்டு, கன்னம் பளபளத்து, கழுத்து காணாமல் போனது. எதிரில் வந்தவர்கள் எல்லாம் "என்ன களை, என்ன களை" என்றார்கள். அரண் தின்று வளர்ந்த உடம்பு என்பதால் தெருவில் அவருக்கு 'அரண்மனை' என்று பெயரும் விழுந்தது. அத்தான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு வகுப்புகள் இப்படித்தான் நடந்தன: "கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவா. மூக்கு அடைச்ச மாதிரி பேசுறீங்களே, சளியா? கண்ணாடியைப் பாருங்க, பின்னாடி லாரி வருது. அப்படியே பின்சீட்டையும் பாருங்க. ஒரு டின் எடுத்துட்டுப் போங்க." ஓடுகிற காரிலிருந்து இறங்கி ஓட முடியாது. பிரேக்கும் அவர் காலடியில் இருந்தது. ஆகவே அவரிடம் கார் கற்ற பெரும்பாலானவர்கள் லைசென்ஸோடு சேர்த்து ஒரு டின்னும் வாங்கிக்கொண்டே போனார்கள்.

இந்தப் பட்டியலில் சேராதவள் அக்காவின் தங்கை. நாற்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவள் சின்னவள்தான். ஆஸ்பத்திரி லேபில் வேலை. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்து, வெள்ளை அணுக்களை இனம் பிரித்து எண்ணுவாள். நாளெல்லாம் அடுத்தவர் உடம்பின் பட்டாளத்தை எண்ணுகிற இவளுக்குத் தூசி பட்டால் தும்மல், பனி பட்டால் தும்மல், பழைய புத்தகத்தைத் திறந்தால் தும்மல். வருஷத்துக்கு ரெண்டு ஜுரம் வேறு. அத்தானுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"வாம்மா மச்சினி. தெருமுனையில தும்மல் கேட்டப்பவே உங்க அக்காகிட்ட சொன்னேன், தட்டு ஒண்ணு கூடப் போடுன்னு."

"நீங்க சாப்பிட்டது போக மிச்சம் இருந்தா போடச் சொல்லுங்க அத்தான்."

"கிண்டலா? எனக்கு ஜுரம் வந்து மூணு வருஷம் ஆச்சு. கிருமி என்னைப் பார்த்தா எதிர்ப் பக்கமா நடந்துபோகுது."

"ஜுரம் வர்றது தோத்துப்போறது இல்ல அத்தான். உள்ள சண்டை நடக்குதுன்னு அர்த்தம். உடம்பே வேணும்னுதான் சூட்டை ஏத்துது. அந்தச் சூட்டுல கிருமிக்குச் சங்கடம், நம்ம ஆளுங்களுக்குச் சுறுசுறுப்பு."

"அப்போ உன் உடம்புல தினம் சண்டை. என் உடம்புல சமாதானம். எது ஒசத்தி?"

இதற்குப் பதில் சொல்வதற்குள் சின்னவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. அத்தான் வெற்றிப் புன்னகையோடு மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் அக்கா கட்டாயப்படுத்திக் கொடுத்த டின்னை வீட்டில் திறந்து, இரண்டு வாரம் தினம் ஒரு ஸ்பூன் தின்று பார்த்தாள். தும்மல் அடியோடு நின்றுபோயிற்று. மூக்கு அவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. லேபில் இருபது வருஷம் குப்பை கொட்டியவள் ஒரு பச்சை டின்னிடம் தோற்றுப்போன அவமானத்தில், அதை அலமாரியின் பின்பக்கம் தள்ளி, முன்னால் பழைய போர்வையை வைத்து மறைத்தாள். ஏன் வேலை செய்தது என்று யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

பயிற்சி மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கப் பழகுவதற்காக மரக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒருநாள் கற்றுக்கொள்ள வந்தவர் அதில் ஒன்றை இடித்துச் சாய்த்துவிட்டார். நிமிர்த்துவதற்காக இறங்கிய அத்தான், உடைந்த கட்டையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியை மிதித்தார். செருப்பைத் துளைத்து, சுண்டுவிரலுக்குக் கீழே ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும் காரில் ஏறி உட்கார்ந்தார். தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதர் கெஞ்சியதற்கு, "எனக்குள்ளயே ஊசி இருக்கு" என்று பதில் வந்ததாம்.

பத்து நாள் கழித்து சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தான் காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தார்.

"பாரு. நல்லாப் பாரு. துருப்பிடிச்ச ஆணி. வேற ஒருத்தனா இருந்தா கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். சிவப்பு இருக்கா? வீக்கம் இருக்கா? சீழ் இருக்கா? வலிகூட இல்ல."

சின்னவள் குனிந்து பார்த்தாள். அவர் சொன்ன எதுவும் இல்லைதான். ஆனால் ஓட்டை முதல் நாள் இருந்தபடியே இருந்தது. ஓரம் வெளுத்து ஊறிப்போய், ஒரு பக்கம் கறுக்க ஆரம்பித்திருந்தது. லேசாக ஒரு வாடை. ஆறவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பத்து நாளாக ஒரு காயம் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வதை அவள் பார்த்ததே இல்லை.

"அத்தான், கொஞ்சம் ரத்தம் எடுக்கட்டுமா?"

"தாராளமா எடு. ரிப்போர்ட்டை ஆபீஸ்ல கண்ணாடி போட்டு மாட்டுறேன்."

மறுநாள் காலை லேபில் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அத்தானின் ரத்தத்தோடு உட்கார்ந்தாள். சர்க்கரை முன்னூறைத் தாண்டியிருந்தது. சர்க்கரை வியாதி அவர்கள் வீட்டுப் பக்கமே எட்டிப்பார்த்ததில்லை. வெள்ளை அணுக்கள் ஏகப்பட்டவை. இருக்க வேண்டிய அளவைப்போல ஒன்றரைப் பங்கு. தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பட்டன். அணுவைப் பார்க்கப் பார்க்க விரல் தானாகத் தட்டும். நூறு எண்ணினாள். ஆரஞ்சுப் புள்ளி நிறைந்த ஒரு வகை உண்டு, ஈசினோ என்பார்கள். தும்மல்காரர்கள் ரத்தத்தில் தாராளமாக இருக்கும், மற்றவர்களிடமும் நூறுக்கு இரண்டு மூன்றாவது தென்படும். அத்தானிடம் ஒன்றுகூட இல்லை. இன்னொரு நூறு எண்ணினாள். இல்லை. முன்னூறு வரை போனாள். அந்தப் பட்டனை ஒரு தடவைகூடத் தட்ட வேண்டி வரவில்லை.

தகட்டை எடுத்துக்கொண்டு லேப் டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவர். பார்த்தார், சர்க்கரைச் சீட்டைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"எத்தனை நாளா ஸ்டீராய்டு எடுக்கிறார்?"

"அவர் மாத்திரையே போட மாட்டார் மேடம். ஒரு பொடி மட்டும்..."

"முகம் வட்டமா இருக்குமா?"

 வட்டமான முகம், தீராத பசி, வலி மறந்த முழங்கால், மூன்று வருஷம் எட்டிப்பார்க்காத ஜுரம், இரண்டு வாரத்தில் சுத்தமான அவளுடைய மூக்கு, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. உடம்பின் பாதுகாப்பைப் பத்து மடங்கு ஆக்குவதாகச் சொன்ன பொடியில் இருந்தது, அதை உட்காரவைத்து வாயைக் கட்டுகிற மருந்து.

"அந்தப் பொடிதான்," என்றார் டாக்டரம்மா. "அவரை இன்னிக்கே கூட்டிட்டு வா. அதுவரைக்கும் பொடியைத் திடீர்னு நிறுத்த விட்டுடாதே."

அத்தானைச் சின்னவள் மைதானத்தில்தான் பிடித்தாள். காரில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் ஏழு மாதமாகக் கற்றுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்தான் ஸ்டியரிங்கில். வகுப்பை நிறுத்த மாட்டேன், பின்னால் ஏறிக்கொண்டு பேசு என்றார் அத்தான். டின்களைத் தள்ளிவிட்டு ஏறினாள்; கார் மைதானத்தை விட்டு ரோட்டுக்கு வந்தது.

"வெள்ளை அணு எவ்வளவுன்னு முதல்ல சொல்லு."

சொன்னாள்.

"இருக்க வேண்டியதைவிட அதிகமா? கேட்டீங்களா மேடம்? என் பட்டாளம் அவ்வளவு பெரிசு. செகண்ட் கியர் போடுங்க."

"முழுசா கேளுங்க அத்தான். அவங்க எல்லாம் ரத்தத்துல சும்மா சுத்திக்கிட்டிருக்காங்க. புண்ணு இருக்கிற இடத்துக்கு இறங்கிப் போகணும், போகல. திருடன் வீட்டுக்குள்ள இருக்கான், போலீஸ் பூரா தெருவுல நிக்குது. உள்ள போகாதேன்னு அந்தப் பொடி உத்தரவு போட்டிருக்கு. சிவக்கிறது, வீங்குறது, வலிக்கிறது, ஜுரம் வர்றது, இந்த நாலும்தான் உடம்போட வேலை. உங்க உடம்பு மூணு வருஷமா லீவுல இருக்கு."

"பொடி மூலிகை."

"ஸ்டீராய்டு கலந்த மூலிகை."

"பொறாமை," என்றார் அத்தான், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "மேடம், லாரிக்கு வழி விடுங்க. பொறாமையைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. உனக்குத் தும்மல் நிக்கல, எனக்கு ஜுரம் வரல."

"எனக்கும் நின்னுச்சு. உங்க டின்னை நானும் ரெண்டு வாரம் தின்னேன்."

 இருபது வருஷம் லேபில் கிழித்ததாகத் தான் கேலி செய்தவள் தன் பொடியைத் திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறாள் என்பது அத்தானுக்கு ஒரு பக்கம் இனித்தது. ஆனால் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் அந்த இனிப்பு நிலைக்கவில்லை.

"சரி," என்றார் கடைசியில். "உன் பேச்சைக் கேக்கிறேன். இன்னிலேர்ந்து பொடியைத் தொட மாட்டேன். மூணே நாள். என் சக்தி என்னோடதா, பொடியோடதான்னு தெரிஞ்சுபோயிடும். நாலாம் நாள் நானே உன் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர் முன்னாடி நிக்கிறேன்."

உன் பேச்சைக் கேக்கிறேன். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அத்தான் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததே இல்லை. அந்த ருசியில் சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மா சொன்னதில் கடைசி வாக்கியம் எங்கே போயிற்றோ தெரியாது. "அப்படி வாங்க வழிக்கு" என்று சொல்லிவிட்டு ஜெயித்த மிதப்பில் இறங்கி நடந்தாள்.

பின்னால் நூலக அம்மாளின் குரல் கேட்டது: "அப்போ இந்த மாசம் டின் கிடையாதா சார்?"

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் முழங்கால் மூன்று வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து வலித்தது. அத்தான் சோற்றை ஒதுக்கினார் என்று அக்கா போனில் சொன்னாள். சோற்றை ஒதுக்கினாரா என்று சின்னவள் சிரித்தாள். மூன்றாம் நாள் காலை அவர் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, குளியலறை வாசலில் சரிந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், மூடிக்கொள்வார். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. காலை வகுப்புக்கு வந்து வாசலில் நின்றிருந்த நூலக அம்மாள்தான் சாவியை வாங்கினார்.

ஏழு மாதத்தில் ஒருநாள்கூட நடுரோட்டில் வண்டியை அணைத்துவிடாமல் ஓட்டியறியாதவர் அவர். அன்றைக்கு அத்தானைப் பின்சீட்டில் கிடத்திக்கொண்டு, நான்கு சிக்னலைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசலில் அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினார். பக்கத்து சீட் காலி. கிளட்ச்சைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வார்டு டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் நர்ஸுகளை விரட்டினார். ஒரு கையில் டிரிப், மறு கையில் ஊசி. கால் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு சர்ஜனைக் கூப்பிட்டனுப்பினார். லேபிலிருந்து ஓடிவந்த சின்னவள் பொடிக் கதையைச் சொன்னாள்.

"மூணு வருஷமா வெளியிலேர்ந்து ஸ்டீராய்டு வந்துட்டிருந்தா, உடம்பு தனக்குத் தேவையானதைச் சுரக்கிறதையே விட்டுடும். அதுவும் உள்ள இவ்வளவு இன்ஃபெக்ஷனை வெச்சுக்கிட்டு, ஒரே நாள்ல நிறுத்தினா ஆள் போயிடுவார். யாரு நிறுத்தச் சொன்னது?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். அத்தானின் செருப்பு அவள் கையில் இருந்தது.

"நான்தான்," என்றாள் சின்னவள். "நிறுத்தக் கூடாதுன்னு தெரிஞ்சவதான். சொல்ல மறந்துட்டேன்." வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது வார்டு டாக்டர் கேட்கிற கேள்விக்குப் பதில் ஆகாது.

அன்று மதியம் சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதத்தின் உள்ளே, ஆணி போன வழியெல்லாம் அழுகியிருந்தது. வெளியே தெரியாமல் இரண்டு வாரமாக உள்ளே குடித்தனம் நடத்தியிருக்கின்றன கிருமிகள். யாரும் கதவைத் தட்டவில்லை. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்று சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் காலை சின்னவள் வார்டுக்குப் போனபோது, அத்தான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். கிட்டே வரச்சொல்லிக் கையை அசைத்தார்.

"மச்சினி, கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"ஜுரம் வந்துடுச்சு," என்றார் மெல்ல. போலீஸில் பிடிபட்டதைச் சொல்கிறவர் குரல் அது. "நூத்தி ரெண்டாம். நர்ஸு வேற சத்தமா சொல்லிட்டுப் போகுது. ஸ்கூல்ல யாருக்கும் தெரிய வேணாம்."

சின்னவள் கட்டை விலக்கிப் பார்த்தாள். கால் சிவந்திருந்தது. வீங்கியிருந்தது. தொட்டதும் அத்தான் கத்தினார். வடிகுழாயில் கெட்டியாக மஞ்சள் சீழ். வாழ்க்கையில் எந்தச் சீழைப் பார்த்தும் அவள் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை.

"ஏன் அழறே? அவ்வளவு மோசமா?"

"இல்ல அத்தான். ஆளுங்க வேலைக்கு வந்துட்டாங்க."

சீழ் என்பது செத்த வெள்ளை அணுக்கள்தான், கிருமியை விழுங்கி விழுங்கிச் சாகிறவர்கள்தான் அப்படி வெளியே வருகிறார்கள் என்று சொன்னாள். அத்தான் அந்தக் குழாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தனக்காகச் சாகிறவர்களை மஞ்சளாக இல்லாமல் வேறு நிறத்தில் எதிர்பார்த்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜுரம் வந்ததும் மனிதர் அடியோடு மாறிப்போனார். கஞ்சி சூடாக இல்லை, தலையணை உயரமாக இல்லை, விசிறி ஒரு பக்கமாகவே அடிக்கிறது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து நோயாளியாக இருந்து தீர்த்துக்கொண்டார். அக்கா மூன்று நாளில் இளைத்துவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று வார்டு டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே விளக்கினார். ஆன்டிபயாடிக் இத்தனை நாள், சர்க்கரைக்கு இது. "இது ஸ்டீராய்டு. தினம் காலையில. பல மாசத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமா நான் குறைச்சுட்டு வருவேன். நீங்களா ஒருநாளும் நிறுத்தக் கூடாது."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வாரமாகச் செத்துக்கிடந்த முகத்தில் விளக்கு ஏறியது.

"ஸ்டீராய்டா? நீங்களே குடுக்கிறீங்களா?"

"வேற வழி இல்ல."

"கேட்டியா மச்சினி? அதே மருந்துதான். டின்னு மட்டும்தான் வேற."

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சின்னவளைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் இது தினம் நடக்கிறது என்பதுபோல அவள் தலையசைத்தாள்.

பொடிக்காரரின் போன் அணைந்து கிடந்தது. சுகாதார அலுவலகத்தில் ஒரு டின்னை வாங்கிச் சீல் வைத்துக்கொண்டு, நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் 'பாதிக்கப்பட்டவர் உயிருடன் உள்ளாரா' என்பது முதல் கேள்வி. லேப் டாக்டரம்மாவின் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. "வேற யாரெல்லாம் சாப்பிடறாங்க?"

ஸ்கூல் பதிவேட்டைப் புரட்டினார்கள். நாற்பத்தொரு பேர். முதலில் போன் செய்து பார்த்தார்கள். போனில் விஷயத்தைச் சொன்னால் பாதியிலேயே, "டின்னு வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். நேரில் போவதென்று முடிவாயிற்று. அத்தானால் வண்டி ஓட்ட முடியாது. கட்டுப் போட்ட காலோடு தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சின்னவள் ஓட்டினாள். அவள் அத்தானிடம் கற்காமல் வேறு ஸ்கூலில் கற்றுக்கொண்டவள். அது குடும்பத்தில் பழைய புகைச்சல். முதல் திருப்பத்திலேயே, "இப்படித்தான் சொல்லிக்குடுத்தானா அந்த ஆளு?" என்று ஆரம்பித்தார்.

முதல் வீடு ஒரு சமையல் கான்ட்ராக்டருடையது. சின்னவள் வாசலிலேயே நின்று, பொடியில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு ஆபத்து, ஆனால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி முடித்தாள். அவர் உள்பக்கம் திரும்பி, "ஏய், டாக்டரே நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாராம்" என்று குரல் கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று உள்ளேயிருந்து மனைவி. பிறகு அவர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலோடு இவ்வளவு தூரம் வந்து சொன்னதற்கு நன்றி சொல்லி, இரண்டு டின் கிடைக்குமா என்றார்.

இரண்டாவது வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர். "உங்க அத்தான் மூணு வருஷம் நல்லாத்தான் இருந்தார். நீங்க ரத்தம் எடுத்த வாரம்தான் படுத்தார். இதுல எது எதுக்குக் காரணம்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?" என்று சின்னவளைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மூன்றாவது, நான்காவது வீடுகளும் இதே லட்சணம்தான். பொடியால் வலி போன இடுப்புகள், நின்றுபோன இருமல்கள், பளபளத்த கன்னங்கள். சிலர் பயந்து ஆஸ்பத்திரி முகவரியை எழுதிக்கொண்டார்கள். பாதிப்பேர், நிறுத்தக் கூடாது என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் காற்றில் விட்டார்கள். மூன்று வருஷத்தில் அத்தானின் வாய் விற்காத டின்களை அந்த ஒரு நாள் எச்சரிக்கை விற்றுவிடும்போல இருந்தது. ஆறாவது வீட்டு வாசலில் சின்னவள், நிறுத்தக் கூடாது என்ற சொல்லையே எடுத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு வரலைன்னா உயிர் போயிடும்" என்று மட்டும் சொன்னாள். அதற்குத்தான் கொஞ்சம் பலன் இருந்தது. அத்தானும் தன் பங்குக்குச் செருப்பைக் கழற்றி, விரல் இல்லாத இடத்தைக் காட்டினார். முதல் வீட்டில் அவர் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்.

ஒன்பதாவது, ஒரு தையல்கடை. தையல்காரம்மா போன வருஷம் லைசென்ஸ் வாங்கியவர். ஐந்து டின் வாங்கியதாகப் பதிவேட்டில் இருந்தது. ஐந்தும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. சின்னவள் ஒன்றின் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே வெள்ளைப் பட்டன்கள். அடுத்ததில் கொக்கிகள். மூன்றாவதில் நூல்கண்டு.

"பொடி எங்கம்மா?"

"வாங்கின அன்னிக்கே கொட்டிட்டேன். ஒரு மாதிரி வாடை."

"ஒரு ஸ்பூன்கூடச் சாப்பிடலியா?" என்றார் அத்தான்.

"இல்லைங்க சார்."

"அப்புறம் ஜுரம் கிரம் வந்தா?"

"வரும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். மூணு நாள் கடையைச் சாத்திட்டுப் படுத்துப்பேன். வேர்த்துக்கொட்டும், போயிடும்." மிஷினை நிறுத்தாமலே பேசினார் அந்த அம்மாள்.

"உடம்பு கெட்டியாச்சு, சளியே பிடிக்கலன்னு ஒவ்வொரு கிளாஸ்லயும் என்கிட்ட சொன்னீங்களேம்மா. நாலு பேர்கிட்ட நான் உங்களைத்தான் உதாரணமா சொல்லிட்டு இருந்தேன்."

தையல்காரம்மா இப்போதுதான் மிஷினை நிறுத்தினார். "பிரேக் உங்க காலுக்கடியில இருந்துச்சு சார். லைசென்ஸ் கையில வர்ற வரைக்கும் நீங்க கேட்டதுக்கெல்லாம் ஆமான்னுதானே சொல்ல முடியும்?"

இதைக் கோபமாகவோ கிண்டலாகவோ சொல்லவில்லை. துணியின் நீளத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

இருவரும் காரில் வந்து ஏறினார்கள். அத்தான் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தையல்காரம்மாவின் பெயருக்கு நேரே கோடு போட்டார். கோட்டின் மேலேயே இன்னொரு கோடும் போட்டார். அவர் முகம் கொஞ்சம் வற்ற ஆரம்பித்திருந்தது. தாடை எலும்பு மூன்று வருஷத்துக்குப் பிறகு லேசாக எட்டிப்பார்த்தது. சின்னவளுக்கு ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. ஜெயிப்பதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"மூணு நாள் படுத்துப்பாங்களாம்," என்றார் அத்தான்.

"ம்."

"அவ்வளவுதானா?"

"பெரும்பாலும் அவ்வளவுதான் அத்தான். உடம்பு பார்த்துக்கும். முடியாதப்போ டாக்டர்கிட்ட போகணும். இடையில நாம மூக்கை நுழைக்காம இருந்தா போதும்."

அடுத்த பெயர் மூன்று தெரு தள்ளி, ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர். சின்னவள் வண்டியைக் கிளப்பினாள்.  தெருமுனை திரும்பும்போது அத்தான், தன்னால் முடிந்தவரை அலட்சியமாக, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்தம்மாவுக்குக் கடைசி வரைக்கும் ரிவர்ஸே வரல. எப்படித்தான் லைசென்ஸ் குடுத்தாங்களோ."